பிரித்தலும் திருப்புதலும்: இயந்திர வரைபடம் பற்றிய ஒரு நோக்கு

இயந்திரம் ஒன்றின் உறுப்புகளைக் கழற்றி, அவை பொருந்தும் ஒழுங்கிலேயே இடைவெளிவிட்டு நிறுத்திக் காட்டும் படத்தினைப் பிரிப்புப் படம் எனலாம். உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு வரும் கைந்நூல்களில் இதனைக் காணலாம். கலை இலக்கியம் பயில்வோர் இதனைத் தமக்குப் புறம்பானதாகவே கருதுவர். ஆயின், வாசகன் ஒருவனை முன்னிறுத்தி, அவனுள்ளத்தில் ஒரு முழுமையை எழுப்ப முயலும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே.

இவ்வடிவம் புதியதன்று. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியனார்டோ டா வின்சி வரைந்த பாரந்தூக்கும் பொறியின் படம் இதற்குச் சிறந்த சான்று. மிலான் நகரின் அம்புறோசிய நூலகத்தில் பேணப்படும் அவரது ஏட்டுத் தொகுதியில் அது உள்ளது. அப்படத்தில் ஒருபுறம் பொறி முழுமையாகவும், மறுபுறம் அதன் சக்கரங்கள் ஒரே அச்சில் விலக்கப்பட்டும் காட்டப்பட்டுள்ளன. முழுமையை அருகில் வைத்தே அவர் பகுதிகளைப் பிரித்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தமிழ் உரைமரபை அறிந்தோர்க்கு இம்முறை அந்நியமானதன்று. செய்யுளின் சந்தியைப் பிரித்துப் பதவுரை கூறும் ஆசிரியரும் இதனையே செய்கின்றார். நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டு என்பது, தொலைவிற் கிடக்கும் சொல்லை வேண்டுமிடத்துக் கொணர்ந்து பொருத்துவதாகும். எனினும் உரையாசிரியரின் உரிமைக்கு ஓர் எல்லையுண்டு. ‘அரசனைக் கண்டான்’ என்பதைக் ‘கண்டான் அரசனை’ என மாற்றினும் பொருள் கெடாது. ‘ஐ’ உருபினை நீக்கிவிட்டாலோ, காணப்பட்டவன் கண்டவனாகிவிடுவான். சொல்லின் இடத்தை மாற்றலாம். அது பிற சொல்லை நோக்கி நிற்கும் முறையை மாற்றலாகாது.

பிரிப்புப் படத்திலும் இவ்விரு செயல்களும் வேறுபட்டவை. உறுப்பொன்றை அது கழலும் திசையில் நகர்த்துவது கொண்டுகூட்டினை ஒத்தது. அதனைத் திருப்பிவைப்பதோ உருபினை மாற்றுவது போன்றது. இன்று கணினியில் வரைவோர்க்கு இரண்டும் ஒரே அளவு எளியன. திசையும் தூரமும் குறித்தால் உறுப்பு நகரும்; அச்சும் கோணமும் குறித்தால் திரும்பும். கணினி இவற்றையெல்லாம் படிப்படியாக நினைவில் வைத்திருப்பதால், மீண்டும் சேர்க்குமாறு பணித்தவுடன் ஒவ்வோர் உறுப்பும் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வரைபவன் தவறினும் கணினிக்குள் பொருத்தம் கெடுவதில்லை. ஆயின் அச்சிட்ட தாளுக்கு அந்த நினைவு இல்லை. அங்கு சேர்க்கும் பணி வாசகனுடையது.

அவ்வாசகன் யார் என்பதே இவ்விடத்து எழும் வினா. இரணைமடு நீரை நம்பி வயல் செய்யும் உருத்திரபுரத்தில், சேற்றுழவுக்கு இறங்கும் இருசக்கர உழவு இயந்திரத்தை எண்ணிப் பார்க்கலாம். அதன் அச்சில் ‘ஒயில் சீல்’ எனப்படும் இறப்பர் வளையம் உண்டு. வில்வளையம் பொருந்திய அதன் விளிம்பு, உள்ளேயுள்ள எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். இரு புறமும் ஒரே விட்டமுடையதாதலின், தலைகீழாக வைத்தாலும் அது தன் குழியில் இறுகப் பொருந்திவிடும். உட்புறத்தை அழகாகக் காட்டும் பொருட்டு வரைபவன் அதனைத் திருப்பி நிறுத்தினால், படத்தை நம்பித் திருத்துபவனும் அவ்வாறே மாட்டுவான். எண்ணெய் கசியும், சேறு உட்புகும், தாங்கிகள் தேயும். காலபோக மழை எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரு கோணத்தின் பிழை ஒரு போகத்தின் பிழையாக முடியலாம்.

எனவே எவ்வுறுப்பையும் திருப்பவே கூடாது என விதிப்பதும் பொருந்தாது. திருகிக் கழற்றவேண்டிய உறுப்புக்குத் திருப்பமே உண்மையான இயக்கம். மறைந்துள்ள முகத்தைக் காட்டவேண்டிய தேவையும் உண்டு. அத்தகைய இடங்களில், உறுப்பினை அதன் அச்சில் உள்ளவாறே நிறுத்தி, மறுபுறத் தோற்றத்தைச் சிறு துணைப்படமாக அருகே தருதல் நேர்மையான வழியாகும். திருப்பியே காட்ட நேரின், திரும்பிய திசையை அம்புக்குறியாலும், சென்றுசேரும் இடத்தை இணைப்புக் கோட்டாலும் உணர்த்தல் வேண்டும். விளம்பரப் படங்களில் உறுப்புகள் வானில் மிதப்பனபோல் பல கோணங்களிற் சுழன்று நிற்பது கண்ணுக்கு விருந்தாகலாம். அவற்றைப் பார்த்து எவரும் இயந்திரம் பூட்டுவதில்லையாதலின் அங்கு தீங்கில்லை. அம்மோகம் கைந்நூலுக்குள் நுழைவதே கண்டிக்கத்தக்கது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் உருத்திரபுரம் அமைந்த அதே மாவட்டத்தில், கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கிவருகின்றது. கணினி வரைபடம் பயிலும் மாணவனுக்கும் வயற்கரையில் இயந்திரம் திருத்துபவனுக்கும் இடையே உள்ள தொலைவு நிலத்தின் தொலைவன்று. எழுதுபவனுக்கும் வாசகனுக்கும் உள்ள தொலைவே அது. நல்ல உரை தன்னை மறக்கச்செய்து மூலத்தை நினைவில் நிறுத்தும். நல்ல பிரிப்புப் படமும் அத்தகையதே. பிரித்துக் காட்டும் திறமையால் அன்றி, மீளச் சேர்ப்பவனின் கை தவறாதிருப்பதாலேயே அதன் தரம் அறியப்படும்.