வாடகைக்கு வரும் கணினி

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து ஏற்பட்ட கோளாறால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. அன்றே படிப்படியாக வீடுகளுக்கு வெளிச்சம் திரும்பியது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் உடனே எழவில்லை. அதனால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு முறைவைத்து வந்தது. மொத்தம் 900 மெகாவாட் தரும் அந்த நிலையம் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டில்தான் நிற்கிறது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்தின் அயலில் குடியிருந்தும் மின்வெட்டுக்குத் தப்பாத ஊர் இது. வீட்டுக் கணினியை இணைய முகிலுக்கு (cloud) மாற்றிவிடலாமா என்ற கேள்வியைக் கொழும்பில் இருந்து கேட்பதற்கும் இங்கே இருந்து கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

கேள்வி இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மைக்ரோசொஃப்ட் 2021 ஓகஸ்டில் விண்டோஸ் 365 சேவையை நிறுவனங்களுக்குத் திறந்தது. விண்டோஸ் ஓடுவது அவர்களுடைய சேவையகத்தில். நம் மேசைக்கு வருவது அதன் திரை மட்டும். 2025இல் இதற்கென்றே ஒரு சிறு பெட்டியை 349 டொலருக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டிக்குள் கோப்பு எதுவும் தங்காது. வீடுகளுக்கான முயற்சி பக்கத்து நாட்டில் நடக்கிறது. ஜியோ நிறுவனம் 2025 ஜூலையில் ஜியோபிசி என்ற சேவையை அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சியில் ஏற்கெனவே இருக்கும் செட்டொப் பெட்டியில் ஒரு விசைப்பலகையையும் மவுஸையும் செருகினால் போதும். 8 ஜிபி நினைவகமும் 100 ஜிபி சேமிப்பிடமும் கொண்ட கணினி ஒன்று திரையில் விரியும். மாதம் 599 இந்திய ரூபாயும் வரியும். பாக்கு நீரிணையைத் தாண்டி இதுபோன்ற ஒன்று இங்கே வர அதிக காலம் எடுக்காது. வந்த பிறகு யோசிப்பதைவிட இப்போதே எடைபோடுவது நல்லது.

இந்த எண்ணம் பழையது. 1990களின் நடுவில் ஒராக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன், வன்தட்டு இல்லாத வலையமைப்புக் கணினி வீட்டுக் கணினியை ஒழித்துவிடும் என்றார். சென்னையில் நோவாட்டியம் என்ற நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் துணையோடு, நோவா நெட்பிசி என்ற மலிவுப் பெட்டியைக் கொண்டுவந்தது. மென்பொருள் எல்லாம் சேவையகத்தில், பயனருக்கு மாதக் கட்டணம். இரண்டும் நிலைக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்விகளை வைத்து இன்றைய முயற்சியைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அன்றைய இணையம் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. இன்றைய ஃபைபர் தாங்கும். தூரமும் பெரிய தடை இல்லை. மைக்ரோசொஃப்ட்டின் தரவு மையம் ஒன்று 2015 முதல் சென்னையில் இருக்கிறது. கற்பிட்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளிக்கு அது மூன்று மில்லி செக்கன்கூட இல்லாத பயணம். இணைப்பு சுற்றிவளைத்துப் போனாலும், கடிதம் எழுதுபவருக்குத் தாமதம் உறைக்காது. ஆகவே முகிற் கணினி வேகத்தில் தோற்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

அதற்குச் சார்பான வாதங்களில் ஒன்றை இந்தக் கரையில் இருப்பவர்கள் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் எழுபத்தையாயிரம் பேர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடும் தோப்பும் போனதோடு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, கல்யாணப் படங்கள் எல்லாம் பெட்டிகளோடு பின்னால் நின்றுவிட்டன. பிறகு வந்த ஆண்டுகளில், தான் யார், தன் காணி எது என்று காகிதமில்லாமல் நிரூபிக்கப் பல குடும்பங்கள் பட்ட பாடு இந்த ஊருக்குத் தெரியும். அந்தக் காகிதங்களின் பிரதி எங்கோ தூரத்தில், ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால் திறக்கும் இடத்தில் இருந்திருந்தால்? வீட்டை விட்டு ஓட நேர்ந்த மக்களுக்கு முகில் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்லவேண்டும். வீட்டுக்குள் மட்டும் இருப்பது வீட்டோடு போகும்.

உப்புக்காற்றும் முகிலின் பக்கமே பேசுகிறது. கடலும் களப்பும் இரு பக்கமும் இருக்கும் இந்த மணல் துண்டில் எந்த உலோகமும் நெடுநாள் பளபளப்பாக இருப்பதில்லை. கணினிப் பலகையின் செப்புத் தடங்களும் அப்படித்தான். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி பழுதானால் இன்னொரு பெட்டியை வைத்துக்கொள்ளலாம். மின்வெட்டு வாதத்திலும் ஒரு நேர்மை வேண்டும். மின்கலம் இல்லாத சாதாரண மேசைக் கணினியும் கரண்ட் போனதும் அணைந்துதான் போகிறது, சேமிக்காத பக்கத்தையும் விழுங்கிவிடுகிறது. முகிற் கணினியிலோ பாதியில் நின்ற பக்கம் சேவையகத்தில் அப்படியே காத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அது பழைய மேசைக் கணினியை வெல்கிறது.

ஆனால் மடிக்கணினியோடு ஒப்பிட்டால் கதை மாறுகிறது. மின்கலமுள்ள மடிக்கணினி இருட்டிலும் இரண்டு மூன்று மணி நேரம் உழைக்கும். முகிற் கணினி வேலை செய்ய வீட்டில் மின்சாரம், ரவுட்டர், தொலைபேசிக் கோபுரம், நகரத்து இணைப்பகம், கடலடிக் கேபிள், தூரத்துத் தரவு மையம் எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கவேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் திரை வெறுமையாகும். நேற்று எழுதிய கடிதத்தைப் படிக்கவும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியபோது கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்தன, சமிக்ஞையும் போனது. அந்த நாட்களைக் கடந்துவந்தவர்களிடம் எப்போதும் இணைப்பில் இருங்கள் என்று சொல்வது எளிதல்ல.

அடுத்தது டேட்டா. எழுத்து வேலை போன்ற இலகுவான பயன்பாட்டுக்கே செக்கனுக்கு 1.5 மெகாபிட் வேகம் வேண்டும் என்பது மைக்ரோசொஃப்ட்டின் சொந்த வழிகாட்டல். அதை முழுதாக இழுத்தால் மணிக்கு 675 எம்பி. நாளுக்கு நான்கு மணி நேரம், முப்பது நாள் என்றால் 81 ஜிபி. திரை அசையாத நேரத்தில் குறையும் என்பதற்காகப் பாதியென்றே வைப்போம், 40 ஜிபி. சொந்தக் கணினியில் அதே கட்டுரையை எழுத ஒரு எம்பியும் செலவாகாது. ஃபைபர் போன வீதிகளில் இந்தக் கணக்கு பெரிதாகத் தோன்றாது. ரீலோட் போட்டு ஜிபி கணக்கில் வாழும் வீட்டில் பிள்ளை கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தாய் மீதியைப் பார்க்கவேண்டியிருக்கும்.

வாடகையைப் பற்றிப் பேசாமல் தீர்ப்புக்குப் போக முடியாது. இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது. மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு மாதக் கட்டணம் ஒரு வழி என்பது உண்மையான வாதம். ஆனால் ஜியோவின் மாத விலையையே எடுத்தாலும் மூன்று ஆண்டுக்கு 21,564 இந்திய ரூபாய், வரி வேறு; இந்தியச் சந்தையில் பாவித்த நல்ல மடிக்கணினி ஒன்றை அந்தப் பணத்துக்கு வாங்கலாம். ஆண்டுத் திட்டம் மலிவுதான். இருந்தாலும் கட்டி முடித்த அன்று கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கட்டணம் டொலரில் என்றால் இன்னும் ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவுக்கு ஏறியது. பத்து டொலர் வாடகை 2,000 ரூபாவிலிருந்து 3,600 ஆகியிருக்கும், அதே மாதங்களில் மீன்பிடி வள்ளத்துக்கு மண்ணெண்ணெயும் கிடைக்காமல் இருந்தது. 2021இல் வாங்கிய மடிக்கணினி 2022இல் எவரிடமும் மேலதிகமாக ஒரு சதம் கேட்கவில்லை.

விலை மட்டுமல்ல, நிபந்தனையும் மாறும். கூகிள் ஃபோட்டோஸ் 2015இல் எல்லையில்லாத இலவசச் சேமிப்போடு தொடங்கியது. 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்கு மேல் போனால் பணம் என்றானது. இணைப்பின் குழாய் அரசின் கையிலும் இருக்கிறது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவிலிருந்து கிளம்பிய வன்முறை எங்கள் மாவட்டத்தின் முஸ்லிம் கிராமங்களை எரித்தபோது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அப்படியே. அவை சமூக ஊடகங்கள் மட்டும்தான் என்பது சரி. எனினும் தடுக்கும் அதிகாரமும் வழியும் இருக்கின்றன என்பதற்கு அவை சாட்சி, அது எப்போது பாயும் என்பதும் நம் கையில் இல்லை.

முகிலில் வைத்தது பத்திரம் என்ற நம்பிக்கையைச் சோதிக்கும் சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகில் கப்பம் கேட்கும் தீநிரலுக்கு இரையானது. பாதிக்கப்பட்ட gov.lk மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் சேர்ந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. மறுபிரதி இணையத்திலேயே இருந்ததால் அதையும் பூட்டிவிட்டார்கள். துண்டித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. தொழில்நுட்பத்தில் எவ்வளவோ முன்னே நிற்கும் தென் கொரியாவிலும் 2025 செப்டம்பரில் தேஜோன் அரச தரவு மையம் எரிந்தபோது அரச ஊழியர்களின் ஜி-டிரைவ் என்ற முகிற் சேமிப்பகம் 858 டெராபைட்டோடு அழிந்தது, வெளிப் பிரதி இல்லாமல். 1990இல் வீட்டுப் பெட்டிக்கு நேர்ந்ததே இங்கே சேவையகத்துக்கு நேர்ந்தது. இரண்டிலும் குற்றம் ஒன்றுதான்: பிரதி ஒரே இடத்தில் இருந்தது. இடம்பெயர்வு வாதம் முகிலை இரண்டாவது இடமாக வைக்கச் சொல்கிறது. வீட்டிலிருப்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை.

சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் அன்றாடம் வலிக்கும் ஒன்று: பாமினி. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு செய்யும் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் செய்கிறார்கள். கொமினிகேஷன் கடைகளில் அடித்த விண்ணப்பங்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், ஆசிரியர்களின் பரீட்சைத் தாள்கள் எனப் பல்லாண்டு வேலை அதில் கிடக்கிறது. கூகிள் டொக்ஸில் நம் எழுத்துருவை நாமே ஏற்ற முடியாது. பாமினிக் கோப்பு அங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிகோடுக்கு மாறவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த எழுத்துருவை நிறுவலாம், எந்த அச்சுப்பொறியை இணைக்கலாம் என்று இன்னொருவர் தீர்மானிக்கும் கணினியில் அந்த மாற்றம் நம் வசதிக்கு நடக்காது. ஜியோபிசி அறிமுகமானபோது அதில் அச்சுப்பொறியும் கமராவும் வேலை செய்யவில்லை.

இடையில் நிற்கும் ஒரு வகைக்கு வேறு மதிப்பெண் கொடுக்கவேண்டும். 2011 முதல் விற்கப்படும் க்ரோம்புக்கில் உலாவிதான் எல்லாம்; என்றாலும் அதற்குச் சொந்த மின்கலமும் கொஞ்சம் சேமிப்பிடமும் உண்டு, முன்கூட்டியே அமைத்துவைத்தால் இணைப்பில்லாமலும் எழுதலாம். 2021 முதல் வந்த வடிவங்களுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு தருவதாகக் கூகிள் 2023இல் அறிவித்தது. அதன் க்ரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸை 2022 முதல் பழைய கணினியிலும் இலவசமாக நிறுவலாம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு இது ஏற்றது: பென் டிரைவ் வைரஸ் தொல்லை குறையும், பல மாணவர் ஒரே பெட்டியை மாறி மாறிப் பாவிக்கலாம். ஃபைபரும் மின்பிறப்பாக்கியும் உள்ள அலுவலகத்துக்கு விண்டோஸ் 365 போன்றதும் பொருந்தும். அங்கே பராமரிக்க ஆளிருக்கிறது, கட்டணம் கணக்கில் வருகிறது.

வீட்டுக்கு என் தீர்ப்பு வேறு. திரையை மட்டும் அனுப்பும் முகிற் கணினி கற்பிட்டியில் வீட்டுக் கணினியின் இடத்தைப் பிடிக்க முடியாது, மின்சாரமும் இணைப்பும் இன்றைய நிலையில் இருக்கும்வரை. அவை சீரானாலும், மாதம் தவறினால் பூட்டப்படும் ஒன்றில் பிள்ளையின் படிப்பையும் குடும்பத்தின் பத்திரங்களையும் முழுதாக ஒப்படைக்க நான் சொல்லமாட்டேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றது. உங்கள் பழைய கணினியைத் தூக்கி எறியுங்கள், அல்லது வாடகைக்கு வாருங்கள் என்ற அழைப்பு இனி அடிக்கடி காதில் விழும். அவசரப்படாதீர்கள். அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவசப் பணிசெயல் முறைமை ஓடும். பழுது பார்ப்பவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்கள் மேசைக் கணினியை விட்டு, மின்கலம் நல்ல நிலையில் உள்ள பாவித்த மடிக்கணினியைப் பாருங்கள். வாங்கிய கையோடு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள்களைப் படமெடுத்து ஒரு பிரதியைக் கணினியிலும், ஒன்றைப் பென் டிரைவிலும், ஒன்றை முகிலிலும் வையுங்கள். முகிலில் அந்தப் பிரதிக்கு 15 ஜிபி இலவச இடமே போதும்.