நாட்டுக் கவிக்குத் திருத்தம் எதற்கு?

மட்டக்களப்பின் நாட்டார் பாடல்கள் அறிஞர் கவனத்தைப் பெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது, கலாநிதி இ. பாலசுந்தரத்தின் 'ஈழத்து நாட்டார் பாடல்கள்' 1979இல் வெளிவந்தது. எனினும் தொகுப்பதிலே காட்டிய அக்கறையை மேடையிலே பாடுவதில் நாம் காட்டினோமில்லை.

பெரியகல்லாற்றில் கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். பரணிலே காவலிருப்பவன் பாடும் கவி வெட்டவெளியைக் கடந்து செல்ல வேண்டியது. ஆதலால் அடியின் இறுதி உயிரை அவன் நீட்டி இசைக்கிறான். இவ்விடத்தில் 'மறுகா' என்ற சொல் வருகிறதென்று கொள்வோம். ஈற்று ஆகாரம் குரலுக்கு இடமளிக்கிறது. அதனைப் 'பிறகு' எனத் திருத்தினால் குற்றியலுகரத்தை எங்ஙனம் நீட்டுவது? பாடசாலை மேடையொன்றில் அவ்வாறு திருத்தப்பட்ட பாட்டை நாம் கேட்டதுண்டு. பாடிய சிறுமி திணறினாள், பிழை அவளுடையதன்று.

'புள்ள' என்பதைப் 'பிள்ளை' என்று ஆக்குவதும் இத்தகையதே. 'புள்ள'யும் 'போடி'யும் மோனையாய் நிற்பன. 'பிள்ளை' வந்ததும் அம்மோனை அறுந்துவிடும். றொபேட் பேர்ண்ஸின் நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. ஸ்கொத்து மொழியிற் கண்ணைக் குறிக்கும் 'ஈ', 'மீ' என்பதோடு இயையும். ஆங்கில 'ஐ' ஆக்கினால் இயையாது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951இல் நிறுவப்பட்ட ஸ்கொத்தியக் கற்கை நிலையம் பாடுவோர் குரலையே ஒலிநாடாக்களிற் சேகரித்தது. எழுத்தைப் பார்த்துப் பாடுவோர் அச்சுப் பிரதியையே பாடுகின்றனர் என்பதை நாமும் உணரவேண்டும்.

திருத்துவோர் மட்டக்களப்புப் பேச்சைக் கொச்சை என்பர். செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலோ, பேச்சுத் தமிழ் வழக்குகளுள் இலக்கிய வழக்குக்கு மிக அணுக்கமானது இதுவே என்றார். கொச்சை என்ற தீர்ப்பு மொழியியலிலிருந்து பிறந்ததன்று. வயலில் நிற்பவன் பேச்சு மேடைக்கு ஆகாது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது. மக்கள் கலை என்று முழங்கும் முற்போக்காளரும் இதற்கு விலக்கல்லர்.

மறுபுறத்தே 'கா' என்னும் உரிமை விளியை வாக்கியந்தோறும் தூவிச் சபையைச் சிரிக்கவைப்போர் உளர். யார் யாரை அவ்வாறு விளிப்பார் என்பதை அறியாமற் பாடுவது கேலியேயன்றிப் பேச்சு வழக்காகாது. (சிரித்த சபையில் நாமும் இருந்தோம்.)

இனி, மட்டக்களப்பு வழக்கு என ஒன்றே உளதென்று கொள்வதும் தவறு. பெரியகல்லாற்றிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் மருதமுனை. கவி இருசாராருக்கும் பொது; 'மச்சான்' இருசாராருக்கும் பொது. ஆயின் ஆங்கே தாய் 'உம்மா', தந்தை 'வாப்பா'. முஸ்லிம் பெண்ணொருத்தியின் கவியை எடுத்து, 'பொதுமை' கருதி 'உம்மா'வை 'அம்மா' ஆக்கிப் பாடுகின்றனர். எதுகை கெடவில்லை, ஓசையும் கெடவில்லை. பாடியவள்தான் பாட்டில் இல்லை.