இலை காய்ச்சும் சாராயம்

"சித்தப்பா, நெல் இலை மேல என்ன இருக்குன்னு பாக்குறீங்களா?" என்று அண்ணன் மகள் கேட்டபோது, "தூசுதான் இருக்கும்" என்றேன். நுண்ணுயிரியல் படிக்கிறாள். என் வயலில் கிள்ளிய இலையை, மெத்தனாலும் சில உப்புகளும் கலந்த அகார் தட்டில் ஒரே ஒரு தரம் அழுத்தி எடுத்தாள். ஆறாம் நாள் போய்ப் பார்த்தால், அடேயப்பா! இலை பட்ட தடம் முழுக்க ரோஸ் புள்ளிகள். பஞ்சுமிட்டாய்க்காரரிடம்கூட இப்படி ஒரு ரோஸைப் பார்த்ததில்லை!

அந்தப் புள்ளிகள் மெத்தைலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. பெயர் வாயில் நுழையாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் திரவ நுண்ணுயிர் உரமாகத் தருவதை நாங்கள் 'பி.பி.எஃப்.எம்.' என்றே கேட்டு வாங்குகிறோம்.

என்னை மயக்கியது இதன் சாப்பாடு. வளரும் இலை தன் செல் சுவரிலுள்ள பெக்டினைத் திருத்தும்போது மெத்தனால் பிரிந்து, இலைத்துளை வழியாக வெளியேறுகிறது. கள்ளச்சாராயத்தில் கண்ணைப் பறிக்கிறதே, அதே மெத்தனால்! ஒற்றைக் கார்பன் கொண்ட அந்தச் சரக்கை இது வாசலிலேயே காத்திருந்து குடிக்கிறது. போதை ஏறாமல் அதை வைத்தே உடம்பையும் வளர்க்கிறது. கடன் வைக்கிற குடிகாரன் இல்லை: சைட்டோகைனின், ஆக்சின் என்று வளர்ச்சி ஊக்கிகளை இலைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த ரோஸ், கேரட்டினாய்டு நிறமி. மொட்டை வெயிலில் குடியிருப்பவனுக்குக் குடை வேண்டாமா?

போன சம்பாவில் தொண்டைக்கதிர் நேரம் பார்த்து முறைத் தண்ணீர் தள்ளிப்போனது. வயல் வெடிக்கத் தொடங்கியது. பி.பி.எஃப்.எம்.மை லிட்டருக்கு 10 மில்லி கலந்து, வெயில் ஏறுமுன் தெளித்தேன். பூச்சிமருந்து அடித்த டேங்கை அதற்குமுன் மூன்று தரம் கழுவினேன்; உள்ளே போகிறவர்கள் உயிரோடு இலையில் இறங்க வேண்டுமே! "என்னண்ணே, நெல்லுக்கு ரோஸ்மில்க்கா?" என்று பக்கத்து வயல்காரர் சிரித்தார். நாலைந்து நாளில், பத்து மணிக்கே சுருண்டுகொண்டிருந்த இலைகள் உச்சிவெயில் வரை விரிந்து நின்றன. தண்ணீர் வரும்வரை பயிர் தாங்கியது. இது தண்ணீருக்கு மாற்று இல்லை. ஒரு வயலை வைத்துச் சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஆனால் சிரித்தவர் மறுவாரம் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தார்.

இப்போது முருங்கை, கறிவேப்பிலை என்று எதைக் கண்டாலும் அகார் தட்டில் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. குளியலறை மூலையில் ரோஸாகப் படிகிற வழுவழுப்பிலும் இந்தக் குடும்பத்தார் இருக்கலாமாம். குளோரினுக்கும் லேசில் அசையாதவர்கள். பிரஷ்ஷோடு தேய்க்கக் கிளம்பிய மனைவியை "கொஞ்சம் இரு, பார்த்துட்டுத் தர்றேன்" என்று தடுத்தேன். பார்த்தாளே ஒரு பார்வை!