பதினாறு தொன்: ஒரு கடன் பாடலின் சந்தை வரலாறு

வெகுசன இசையை ஆராயப் புகும் முற்போக்கு விமர்சகரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. விற்பனையாகும் பாடல் எதுவாயினும் அது பண்டமே, எனவே ஆராயத் தகுதியற்றது என்பது ஒன்று. தொழிலாளியின் துயர் பேசப்பட்டால் போதும், அது மக்கள் இலக்கியமாகிவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அடங்காத ஒரு பாடலின் வரலாற்றை நோக்குவது பயனுடையது. 1955இல் ரென்னஸி ஏர்ணி போர்ட் பாடிய ‘சிக்ஸ்ரீன் ரொன்ஸ்’ அத்தகையது.

பாடலை எழுதியவர் மேர்ல் ட்ராவிஸ். 1917இல் கென்ரக்கி மாநிலத்து மூலன்பேர்க் நிலக்கரி வட்டாரத்தில் பிறந்தவர். தந்தை புகையிலைச் செய்கையை விட்டுச் சுரங்கத்துக்குச் சென்றவர். மகன் சுரங்கத்துள் இறங்கவில்லை. கிற்றார் வாசித்துப் பிழைத்தார். 1946இல் ஹொலிவூட்டிலிருந்த கப்பிற்றல் இசைத்தட்டு நிறுவனம் நாட்டார் பாடற்றொகுதியொன்றை வெளியிட விரும்பி அவரை அணுகியது. தமக்கு நாட்டார் பாடல்கள் தெரியா என்றபோது, அப்படியானால் சிலவற்றை எழுதும்படி கேட்கப்பட்டார். சந்தைக்கு ‘நாட்டார்’ என்ற முத்திரைதான் வேண்டியிருந்தது, நாட்டார் வேண்டியிருக்கவில்லை. இத்தகவலைச் சிரித்துக் கடந்துவிடலாகாது. முத்திரை பொய்யாயினும் சரக்கு முற்றும் பொய்யன்று. பல்லவியின் பொருளை ட்ராவிஸ் தமையனார் எழுதிய கடிதமொன்றிலிருந்தும் தந்தை வழக்கமாகச் சொல்லிவந்த கூற்றொன்றிலிருந்தும் எடுத்தார்: சாவதற்குக்கூடக் கடன் இடங்கொடாது என்பதே அது. (1930களில் அப்பாடலைத் தாமே இயற்றியதாகக் கென்ரக்கிச் சுரங்கத் தொழிலாளியும் பாடகருமான ஜோர்ஜ் டேவிஸ் பின்னர் உரிமை கோரினார். பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் பெயரையே கேட்கும். வாய்மொழி மரபு அங்ஙனம் கேட்பதில்லை.)

அக்கடன் கற்பனையன்று. சுரங்கத் தொழிலாளி அள்ளிய நிலக்கரியின் தொன் கணக்கிலேயே கூலி பெற்றான். கூரைக்கு முட்டுக் கொடுத்தலும் நீர் இறைத்தலும் பெரும்பாலும் ஊதியமற்ற வேலைகள். பல இடங்களில் கூலி நாணயமாகவன்றிக் கம்பனிச் சீட்டாக வழங்கப்பட்டது. அச்சீட்டுக் கம்பனிக் கடையில் மட்டுமே முழுப்பெறுமதியுடன் செல்லும். வீடும் கம்பனிக்குரியது. உழைப்புக்கு முன்னரே பொருளைக் கடனாகக் கொடுத்து, பின்னர் உழைப்பால் அதனை அடைக்கச் செய்வதே இம்முறையின் சாரம். இது எமக்கு அந்நியமானதன்று. மலையகத் தோட்டங்களில் கங்காணியின் முற்பணமும், கூலியிற் கழிக்கப்பட்ட அரிசியும், கடன் தொகையைக் குறித்து ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறையும் இதே தர்க்கத்தில் இயங்கியவையே. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் அதனோடு ஒழியவில்லை.

பாடலின் உள்ளமைப்பில் ஒரு முரண்பாடு உண்டு. பல்லவி கடனைப் பேசுகிறது. சரணங்களோ தன் பிறப்பையும் முட்டிப் பலத்தையும் பறைசாற்றும் ஒரு வீரனைப் பேசுகின்றன. அவனது கைமுட்டி கம்பனியை நோக்கி எழவில்லை. வழியில் எதிர்ப்படும் சகமனிதனை நோக்கியே எழுகிறது. இதனை ட்ராவிஸின் குறைபாடென்று மட்டும் கொள்வது எளிய விமர்சனம். அளவு வீதக் கூலி தொழிலாளியிடையே தனிமனித உணர்வையும் போட்டியையும் வளர்ப்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில் எடுத்துக்காட்டியுள்ளார். பதினாறு தொன் என்ற எண்ணே அப்போட்டியின் மொழியிற் பிறந்தது. தன் சுரண்டலின் அளவையே தன் வீரத்தின் அளவாகக் கருதும் மனநிலை அது. சரணம் கருத்துநிலையைக் காட்டுகிறது. பல்லவி அதன் பின்னுள்ள கணக்கைக் காட்டுகிறது. ட்ராவிஸ் இரண்டையும் இணைத்து விளக்கவில்லை. ஆனால் அருகருகே வைத்தார். அதுவே இப்பாடலின் வலிமை என்பது எனது கருத்து.

1947இல் வெளிவந்த தொகுதி பெரிதும் விற்பனையாகவில்லை. அதில் ட்ராவிஸ் ஒற்றைக் கிற்றாருடன் பாடினார். பாடலுக்கு முன் சுரங்க வாழ்க்கை பற்றிப் பேசவும் செய்தார். 1955 செப்ரெம்பரில் போர்ட் பாடியபோது அப்பேச்சு மறைந்தது. கிளாரினெட் முதலிய கருவிகளும், தொலைக்காட்சியிற் பழகிய ஆழ்ந்த குரலும், விரற்சொடுக்கும் சேர்ந்தன. தாளகதியை உணர்த்தவே போர்ட் விரலைச் சொடுக்கினார். ஒலிப்பதிவை நெறிப்படுத்திய லீ ஜில்லற் அதனை அப்படியே வைத்துக்கொண்டார். எமது ஏற்றப் பாட்டிலோ ஓடப் பாட்டிலோ தாளம் வேலையிலிருந்து பிறக்கும். இங்கு மண்வாரியின் அசைவு எங்கும் கேட்கவில்லை. ஒய்வாக நிற்கும் ஒருவரின் விரலே கேட்கிறது. ஆயினும் அச்சொடுக்கில் ஏதோவொரு அலட்சியம், மேலாளரை மதியாத ஒரு தொனி இருப்பதையும் மறுத்தல் இயலாது.

முதலில் இசைத்தட்டின் மறுபக்கப் பாடலாகவே வெளியிடப்பட்ட இது சில வாரங்களில் பத்து இலட்சம் பிரதிகள் விற்று, அமெரிக்காவிலும் 1956 தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் விற்பனைப் பட்டியல்களின் உச்சியை அடைந்தது. ஏன் 1947இல் அன்றி 1955இல்? போர்ட்டின் தொலைக்காட்சிப் புகழ் ஒரு காரணம். அது போதிய காரணமன்று. 1947இல் ராப்ற்-ஹார்ட்லி சட்டம் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தியது. 1949-50இல் சீ.ஐ.ஓ. தனது இடதுசாரிச் சங்கங்களை வெளியேற்றியது. 1955 டிசெம்பரில், பாடல் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், அது ஏ.எவ்.எல். அமைப்புடன் இணைந்தது. சுரங்கங்களில் இயந்திரம் புகுந்தது. 1950இல் நான்கு இலட்சத்துக்கு மேலிருந்த நிலக்கரித் தொழிலாளர் தொகை 1960இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. கையால் அள்ளுபவன் மறைந்துகொண்டிருந்த வேளையிலேயே அவன் பாட்டு வானொலியை ஆண்டது. அச்சுறுத்தாத நிலைக்கு வந்த பின்னரே அவன் குரல் விற்பனைக்குரியதாயிற்று.

எனினும் வாங்கியோர் அனைவரும் பழைமை ஏக்கத்திற்காகவே வாங்கினர் என்று கூறுதல் அவர்களுக்கு இழைக்கும் அநீதி. தவணைக் கடனில் வீடும் காரும் குளிர்சாதனப் பெட்டியும் பெற்ற போருக்குப் பிந்திய கூலி உழைப்பாளன், மாத இறுதியில் எஞ்சாத சம்பளத்தைப் பற்றிய பல்லவியில் தன்னையும் கேட்டிருத்தல் கூடும். கம்பனிக் கடை போனபின்னும் பாடல் பொருளிழக்காமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

2005இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தனது நிலக்கரித் தொழினுட்பத்தை விளம்பரப்படுத்த இதே பாடலைப் பயன்படுத்தியது. விளம்பரத்திற் சுரங்கத்துள் வேலை செய்தோர் அழகிய உடல்வாகு கொண்ட விளம்பர நடிகர்கள். கடனைப் பற்றிய அப்பல்லவி அவர்களின் பின்னணியில் ஒலித்தது.