‘கணனியும் மூளையும்’ – ஒரு மதிப்பீடு

ஜோன் வொன் நொய்மனின் ‘கணனியும் மூளையும்’ முற்றுப்பெறாத நூலாகும். யேல் பல்கலைக்கழகத்தில் 1956 இல் நிகழ்த்துவதற்கென ஆயத்தஞ் செய்யப்பட்ட விரிவுரைகள், நோயின் காரணமாக நிகழ்த்தப்படவேயில்லை. 1957 இல் ஆசிரியர் காலமானார்; கையெழுத்துப்படி அடுத்த ஆண்டு நூலுருப் பெற்றது. நூறு பக்கங்களுக்குட்பட்ட இந்நூல் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பெரிதும் பேசப்படும் இன்று மீள்வாசிப்புக்குரியதாகின்றது.

நரம்புக்கலம் கணத்தாக்கை எழுப்பும், அல்லது எழுப்பாதிருக்கும். ஆதலின் முதல் நோக்கில் அது இலக்கமுறைப் பொறி போன்றது என ஆசிரியர் தொடங்குகின்றார். ஆயின் அவ்வொப்புமையோடு அவர் அமைந்துவிடவில்லை. அக்காலக் கணனி பத்துப் பன்னிரண்டு தசம இலக்கங்கள் வரை திருத்தமாகக் கணித்தது. நரம்புத் தொகுதியின் திருத்தமோ இரண்டு மூன்று இலக்கங்களைத் தாண்டுவதில்லை. இருந்தும் அது நம்பகமாக இயங்குவது எங்ஙனம்? செய்தி தனியொரு கணத்தாக்கிலன்றி அவற்றின் மீடிறனிலே தங்கியிருப்பதால், ஒன்று தவறினும் பொருள் சிதைவதில்லை என்பது அவர் விடை. மூளையின் மொழி நாமறிந்த கணிதத்தின் மொழியன்று என்ற முடிவே நூலின் உச்சமாகும். கற்றலுக்கெனத் தனி இயல் அமையாமை இதன் குறையெனலாம்.

பின்வந்தோர் மூளையிடமிருந்து பெற்றவை உண்மையானவையே. பூனையின் பார்வைப் புறணி பற்றி ஹியூபலும் வீசலும் செய்த ஆய்வுகள், 1980 இல் புக்குஷிமா அமைத்த வலையமைப்புக்கு வழிகாட்டின. ஆனால் 1986 இன் பின் பரவிய, வழுவைப் பின்னோக்கிச் செலுத்திக் கற்பிக்கும் முறை கணிதத்தின் கொடையாகும். அத்தகைய நிகழ்வு மூளையில் நடைபெறுதல் அரிதென பிரான்சிஸ் கிறிக் 1989 இல் வாதிட்டார். எனினும் பொறி மூளையாகவே கற்கின்றது என்ற பேச்சு ஓயவில்லை.

அணியிலக்கணம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். உவமையிலே ‘போல’ என்னும் உருபு இரு பொருள்களையும் வேறுபடுத்தி நிற்கும். உருவகத்தில் அவ்வேற்றுமை மறையும். நொய்மன் உவமை கூறினார், நாம் உருவகமாக்கிவிட்டோம். அதனால் நேரும் இழப்புச் சிறிதன்று. மூளை ஏறத்தாழ 20 வாற்று வலுவில் இயங்குகின்றது. அங்கே நினைவும் கணிப்பும் ஒரே இணைப்புக்களில் நிகழ்கின்றன. நொய்மனின் பெயர் தாங்கிய கணனி அமைப்போ இரண்டையும் பிரித்துவைத்து, அவற்றிடையே தரவுகளைக் காவுவதிற் காலத்தையும் சக்தியையும் செலவிடுகின்றது. இனிக் கற்கவேண்டியவை இவ்வேற்றுமைகளிலேயே உள்ளன. வேற்றுமையை மறந்தவர் அவற்றைத் தேடப்போவதில்லை.