அளவுகோலில் பதியாத சூடு

எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேட்காமல் எந்த அளவையும் நம்பாதீர்கள் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். அந்தக் கேள்வியை மருத்துவ அளவுகோல் ஒன்றிடமும் கேட்டுப் பார்ப்போம்.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தாக்கி அழிக்கின்றது. மின்கம்பியின் மேலுறை உரிந்தாற்போன்ற நிலை அது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. பெரும்பாலோருக்கு 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குவதால், மாதவிலக்கு நிற்கும் பருவத்தையும் அவர்கள் நோயோடுதான் கடக்கின்றனர்.

அப்பருவத்தில் நோய் முற்றுகின்றதா? சில ஆய்வுகள் ஆம் என்கின்றன. வேறு சில, வயதின் விளைவை நீக்கிப் பார்த்தால் மாற்றமில்லை என்கின்றன. இவற்றில் பல நம்பியிருப்பது, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் குர்ட்ஸ்கே 1983இல் வெளியிட்ட அளவுகோலை. 0 என்றால் குறையில்லை. 10 என்றால் இறப்பு. மருந்துகளை ஒப்பிட உலகுக்கு ஒரு பொதுமொழி தந்தது இதுவே. அந்தப் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் படிகளைப் பாருங்கள். கீழ்ப்படிகளில் பார்வை, சிறுநீர்க் கட்டுப்பாடு, நினைவு முதலியவை கணக்கில் வரும். 4க்கு மேல் ஏறக்குறைய எல்லாம் நடைதான். ஓய்வின்றி 500 மீட்டர் நடந்தால் 4. 200 மீட்டர்தான் என்றால் 5. 100 மீட்டருக்கே ஊன்றுகோல் வேண்டுமென்றால் 6. படிகளின் இடைவெளியும் சமமன்று. அவற்றைக் கூட்டிச் சராசரி காணும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்!

இப்பருவத்தில் பெண்கள் சொல்வதென்ன? முகத்திலும் மார்பிலும் குப்பென்று சூடேறி வியர்க்கிறது. இரவில் அதுவே தூக்கத்தைக் கலைக்கிறது. மறுநாள் சோர்வு, மறதி. உறையிழந்த நரம்புள்ளவர்களுக்கு இன்னொன்றும் சேர்கின்றது. 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப், இந்நோயாளர் சிலருக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதைக் கண்டார். உழைப்பால் ஏறும் சூடே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வெப்பநிலை உயர்ந்தால் நரம்பிழையின் சோடியம் வாயில்கள் விரைவில் மூடிக்கொள்கின்றன, மின்துடிப்பு குறுகுகின்றது, அடுத்த கணுவைத் தூண்டப் போதிய மின்னூட்டம் சென்று சேர்வதில்லை. நல்ல நரம்பிழையில் தேவையைப்போல் பல மடங்கு மின்னோட்டம் இருப்பதால் பாதிப்பில்லை. உறையிழந்த இழைக்கு அந்த உபரி கிடையாது; அரை டிகிரி செல்சியஸ் உயர்வே துடிப்பைத் தடுத்துவிடக்கூடும்.

எனவே சூடு எழும்பும் சில நிமிடங்களில் கால் தளரலாம், படிக்கும் எழுத்து மங்கலாம். பல மாதங்களுக்கு ஒருமுறை, மருத்துவமனையின் குளிர்ந்த அறையில் எடுக்கும் அளவில் இது எப்படிப் பதியும்? மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குசுருள் அம்மீட்டரை இணைத்தால் முள் சுழியிலேயே நிற்கும். அதை நம்பிக் கம்பியைத் தொடுவீர்களா?

'மாற்றமில்லை' என்ற முடிவை எழுதுவோர், எந்த மாற்றத்தை அளந்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால், "வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு அப்பெண்கள் வீடு திரும்ப நேரிடும். நோயின் புதிய தாக்குதல் என்று சொல்ல, அறிகுறி 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். சூட்டினால் வந்த தளர்ச்சியோ உடல் குளிர்ந்தால் நீங்கிவிடும். இரண்டையும் பிரித்தறிய, சூடு எழுந்த வேளை, தளர்ச்சி நீடித்த நேரம், முந்தைய இரவின் தூக்கம் ஆகியவற்றை அன்றன்று எழுதிவைத்த குறிப்பேடு மருத்துவருக்கு உதவும். குர்ட்ஸ்கேயின் அளவுகோலில் இம்மூன்றுக்கும் இடமில்லை.