ஆழமாக அல்ல, மெதுவாக

மூச்சுப் பயிற்சிக்கான அறிமுக நூல்களை ஆறு மாதமாக வாசித்து வருகிறேன். ஆராய்ச்சி ஆர்வம் மட்டும் காரணமில்லை. அம்மாவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். சரி, இதையும் செஞ்சு பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தேன்.

கையில் கிடைத்த முதல் புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே 16–64–32 கணக்கைக் கொடுத்தது. 16 எண்ணும்வரை இழு, 64 எண்ணும்வரை அடக்கு, 32 எண்ணும்வரை விடு. நொடிக்கு ஒன்று என்று எண்ணச் சொல்கிறார் ஆசிரியர். அப்படியென்றால் ஒரு மூச்சுக்கே ஏறக்குறைய இரண்டு நிமிடம்! அடக்கியதில் நான் இருபதைத் தாண்டவில்லை. படபடப்பு இரட்டிப்பானதுதான் மிச்சம். "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்று நாலு மாதம் மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் கணக்கு திருமந்திரத்தில் இருப்பதுதான். ஆனால் திருமூலர் அதை எங்கே வைத்திருக்கிறார்? மூன்றாம் தந்திரத்தில், அட்டாங்க யோகத்தின் நான்காம் உறுப்பில். இயமம், நியமம், ஆதனம் மூன்றும் அதற்கு முன்னால் வருகின்றன. நான்காம் படியைப் பெயர்த்து வாசற்படியாகப் போட்டது புத்தக ஆசிரியரின் வேலை. பழியைத் திருமூலர் தலையில் போடக் கூடாது.

இன்னொரு வகை நூல்கள் "ஆழமாக இழுங்கள், மூளைக்கு ஆக்ஸிஜன் கூடும்" என்கின்றன. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு ஏற்கெனவே 95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். மேலும் ஏற்றப் பெரிதாக இடமில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். இதைப் போய் "சக்தி ஏறுது" என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்பது ஸ்டெதாஸ்கோப் வைக்கிற டாக்டர் நுரையீரலைக் கேட்பதற்காகச் சொல்வது. மனசை அடக்குவதற்கு அது வழியல்ல.

இந்த நூல்கள் சான்று காட்டும் ஆய்வுகளில் ஒன்று உண்மையிலேயே நல்ல ஆய்வு. இத்தாலியின் லூச்சானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்துக்கு வந்தன. "மன அமைதி நிரூபணம்" என்று இதைச் சொல்வது மிகை. அவர்கள் அளந்தது உடம்பைத்தான், அதுவும் சிறிய குழுவில். ஆனாலும் எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே யாரையும் மூச்சை அடக்கச் சொல்லவில்லை, ஆழமாக இழுக்கவும் சொல்லவில்லை. சொல்லை இழுத்துச் சொன்னபோது வெளிமூச்சு தானாக நீண்டது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது. வெயிலில் அலைந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் "அப்பாடா" என்கிறோமே, அது முழுக்க வெளிமூச்சு. ஆரம்பப் பாடம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: நாலு எண்ணி மூக்கால் இழுப்பது, ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். அடக்குவது கிடையாது. முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வேன். நுரையீரல், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

ராத்திரி விழிப்பு இன்னும் வரத்தான் செய்கிறது. சில நாள் தூக்கம் திரும்புவதும் இல்லை. ஆனால் நெஞ்சு அடங்கிவிடுகிறது, பயம் குறைந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே இதை யாராவது எழுதியிருந்தால் எனக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.